அட்டையில் அம்மா முகம்

"நல்லா வரணும்னு இல்லீங்க. மனசு லேசாவும், ஏதாவது வரைங்க" என்றார் மருத்துவர். திண்டிவனம் கடைவீதியில் மெழுகு வண்ணப் பெட்டி வாங்கினேன். மூடியைத் திறந்ததும் அந்தப் பழைய வாசனை.

எட்டு வயதில், அதே வாசனையோடு, பெரிய அட்டையில் அம்மாவின் முகத்தை வரைந்தேன். கண் பிதுங்கிவிட்டது, பல்லெல்லாம் வெளியே வந்துவிட்டது. எனக்கு அது அம்மாதான். "அம்மா மாதிரியே கீது கண்ணு. குடு, பத்திரமா வச்சிக்கிறேன்" என்று அப்பா வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தேன். நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முகப்பில், திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில், என் அட்டை தொங்கியது. அப்பா ஒரு சிவப்பு நாக்கை மட்டும் சேர்த்திருந்தார்.

"இத்தப் பாத்தா எவன் கண்ணும் படாதுங்க" என்றார் மேஸ்திரி. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவும், அது யார் முகமென்று தெரியாமல் சிரித்தாள்.

அதோடு வரைவதை விட்டேன்.

நேற்றுதான் மறுபடி வரைந்தேன். கண் இன்னும் பிதுங்கித்தான் வருகிறது. ஆனால் மருத்துவர் சொன்னது சரி, மனம் லேசாகத்தான் இருந்தது. வரைந்தது அப்பாவின் முகம். சிவப்பு நாக்கை நானே சேர்த்தேன்.