இடமிருந்து இரண்டாவது

எங்கள் இளைஞர் கழகத்தில் இளைஞர்கள் குறைவு. முப்பது வருடங்களுக்கு முன்பு லண்டனில் தோர்ண்டன் ஹீத் பக்கத்தில் உதைபந்தாட்டம் ஆடத் தொடங்கியவர்கள்தான் இன்னமும் நிர்வாகத்தில் இருக்கிறார்கள். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள். உண்மையான இளைஞர்கள் சனிக்கிழமைகளில் மண்டபத்தில் பட்மின்டன் ஆட வரும் அவர்களுடைய பிள்ளைகள்தான். என் மகளையும் அதற்குத்தான் கூட்டிப்போனேன். போன இடத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டம். பழைய செயலாளர் மில்டன் கீன்ஸுக்கு வீடு மாறிப் போய்விட்டாராம். "தமிழ் டைப் அடிக்கத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ?" என்று தலைவர் கேட்டார். யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டேன். அப்படித்தான் செயலாளரானேன்.

மைதானம் கேட்டுக் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவது, மண்டபத்தைப் பதிவு செய்வது, கூட்டக்குறிப்பு எழுதுவது என்றுதான் வேலையைச் சொன்னார்கள். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸும் செயலாளரின் பொறுப்பு என்பதைச் சொல்லவில்லை. அங்கத்தவரோ அவருடைய தாய் தகப்பனோ இறந்தால் படத்தை வாங்கி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, பெயரும் திகதியும் போட்டு, அச்சடித்து, தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் ஒட்டவேண்டும். வாட்ஸப்பிலும் அனுப்பவேண்டும். ஒன்றரை வருடத்தில் நான் ஒன்பது நோட்டீஸ் செய்திருந்தேன். எனக்கு அது கைவந்த வேலை. அழுகை ஒன்றும் வராது.

பத்தாவது, ஒரு பெப்ரவரி மாதம். நான் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தலைவர் போன் எடுத்தார். கழகத்தின் முதல் கோல் காப்பாளர் வெள்ளிக்கிழமை மாரடைப்பில் இறந்துவிட்டாராம். இருபது வருடமாக இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு ஊரில் தனியாக இருந்தவர். லண்டனில் உறவு என்று யாருமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு அக்கா மட்டும். படம் ஒருவரிடமும் இல்லை. பழைய அணிப்படம் ஒன்றைத் தலைவர் அனுப்பினார். மழையில் நனைந்த ஜேர்ஸியோடு பதின்மூன்று பேர். "பின் வரிசையிலை, இடமிருந்து ரெண்டாவது" என்றார்.

நான் எண்ணி, அந்த முகத்தை வெட்டி எடுத்தேன். மங்கலாக இருந்ததைக் கம்ப்யூட்டரில் தெளிவாக்கினேன். மெல்லிய மீசை, ஈரமான நெற்றி, யாரோ கூப்பிட்டுத் திரும்பினவர் போன்ற பார்வை. புதன்கிழமை நோட்டீஸ் கடைகளுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை பகல் இரண்டு மணியிருக்கும். வெளியே விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டு. நான் வாசலுக்குப் பக்கத்து மேசையில் வரவுப் பதிவோடு இருந்தேன். கறுப்பு ஜக்கெட் போட்ட ஒருவர் உள்ளே வந்து, நாலாக மடித்த ஒரு தாளை மேசையில் வைத்து விரித்தார்.

"தங்கச்சி, இதைச் செய்தது நீங்களோ?"

என்னுடைய நோட்டீஸ்தான். "ஓம்" என்றேன்.

"படம் நல்லா வந்திருக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். தாளில் இருந்த முகம், முப்பது வயது கூடி, எனக்கு முன்னால் நின்றது. மீசை நரைத்திருந்தது, கண் அப்படியே. தாளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தேன். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டு பட்மின்டன் அடித்தார்கள். அவர் கதிரையை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

"பயப்பிடாதேங்கோ. பேர் அவன்ர, முகம் என்ர. நாங்கள் ரெண்டு பேரும் முந்தி ஒரே அறையிலை இருந்தனாங்கள். அவன் செத்துப்போட்டான் எண்டதே எனக்கு இதைப் பாத்துத்தான் தெரியும்."

அப்டன் பார்க்கில் மீன் வாங்கப் போன இடத்தில் பார்த்தாராம். கடைக்காரப் பெண் மிச்சக் காசை நீட்டியவள், அவருக்குப் பின்னால் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டாளாம்.

"நான் திரும்பிப் பாத்தன். பேரைப் பாக்கேல்லை தங்கச்சி, முதல்லை திகதியைத்தான் பாத்தன். அண்டைக்கு நான் என்ன செய்தனான் எண்டு யோசிச்சன். வியாழன் பின்னேரம் காய்ச்சலோடை படுத்தனான். எழும்பினது ஞாயிறு. நடுவிலை ஒண்டும் ஞாபகமில்லை. ஒருத்தரும் வந்து கதவு தட்டவுமில்லை."

அதை அவர் ஒரு சந்தேகத்தைக் கேட்பது போலச் சொன்னார். நான்தான் பதில் சொல்லவேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன், இன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். "அவசரமில்லை. ஒரு கிழமை இருக்கட்டும்."

"ஏன் அண்ணை?"

அவர் போனை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். வாய்ஸ்மெயில். ஒரு ஆண்குரல் விம்முவது கேட்டது. "தம்பி... காது கேக்குதோடா? நான் அண்ணை கதைக்கிறன்..." பிறகு பேச்சில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கனநேரம் கேட்டது.

கனடாவில் இருக்கும் அண்ணனாம். தங்கச்சியின் கலியாண வீட்டில் நடந்த வாக்குவாதத்தோடு பதினாறு வருடமாகப் பேச்சில்லை. யாரோ அனுப்பிய நோட்டீஸைப் பார்த்திருக்கிறார். பெயர் வேறு என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அகதியாக வந்த காலத்தில் எத்தனையோ பேர் வேறு பெயரில் வந்து, அந்தப் பெயரிலேயே வாழ்ந்தவர்கள்தானே.

"செத்தவனுக்கு ஏன் போன் எடுக்கிறார் எண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார். "ஆனா ஒவ்வொரு நாளும் எடுக்கிறார். ஒவ்வொரு நாளும் ஒரு கதை. சின்னனிலை கிணத்துக்கட்டிலை இருந்து என்னைத் தான்தான் விழுத்தினதாம். எனக்குத் தெரியாது, நான் தானா விழுந்தனெண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான்."

"எடுத்துக் கதையுங்கோவன் அண்ணை."

"எடுத்தா நிப்பாட்டிப்போடுவார்."

காலடிக்கு வந்த இறகுப்பந்தை எடுத்து என் மகளிடம் எறிந்துவிட்டு அவர் போனார். பெயரையோ இலக்கத்தையோ நான் கேட்டு வாங்கவில்லை. அது என் பிழை. இன்னொரு பிழையும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் இருந்தும், ஒரு நோட்டீஸையும் கழற்றப் போகவில்லை. தலைவருக்கும் சொல்லவில்லை. ஒரு கிழமைதானே கேட்டார் என்று மனதைச் சமாதானம் செய்தேன்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு நடக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு வந்தது. நோட்டீஸின் அடியில் தொடர்புக்கு என் இலக்கம் இருக்கும். இறந்தவருடைய அக்கா. தம்பிக்காகச் செய்ததற்கு நன்றி சொல்ல எடுத்தவர். படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலை வைத்து விளக்கேற்றியிருக்கிறாராம்.

"இடம்பெயர்ந்து திரிஞ்சதிலை எங்கட படமெல்லாம் போச்சுது பிள்ளை. பதினேழு வயசிலை பாத்த முகம்தான் எனக்கு. இதைப் பாத்த உடனை அவனெண்டு மட்டுக்கட்ட ஏலாமல் போச்சு. லண்டன் இப்பிடி மாத்திப்போட்டுதாக்கும் எண்டு நினைச்சன். இப்ப பாக்கப் பாக்க அவன்தான்."

நான் பஸ் நிறுத்தத்தில் நின்றுவிட்டேன். ஒரு சுவரில், மாலைக்குள், விளக்கு வெளிச்சத்தில் அந்த மனிதர் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவர் அந்த நேரத்தில் எங்கேயோ தேநீர் குடித்துக்கொண்டிருந்திருப்பார். இனி மறைக்க முடியாது.

"அக்கா, அது உங்கட தம்பியின்ர படமில்லை. நான் மாறி வெட்டிப்போட்டன். அந்த ஆள் உயிரோடை இருக்கிறார்."

 

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஆருக்கு அழுதனான்?" என்றார். கோபமில்லை. கேட்கத்தான் கேட்டார்.

அன்று பின்னேரம் தலைவரிடம் போனேன். அணிப்படத்தைப் பார்த்தவர் தலையில் கைவைத்தார். "இடமிருந்து எண்டா அங்கை நிக்கிறவையின்ர இடக்கைப் பக்கம், தங்கச்சி!" மற்ற ஓரத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது ஆள்: உயரமானவர், பெரிய கையுறை போட்டிருந்தார். அந்தக் கையுறையை நான் ஏன் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. நான் தவறவிட்ட மனிதர் என்னவோ பார்ப்பவருக்கு நேரே சிரித்துக்கொண்டு நின்றார்.

புதிய நோட்டீஸ் செய்தேன். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "முன்னைய அறிவித்தலில் இருந்த படம் தவறானது. அப்படத்தில் உள்ளவர் நலமாக இருக்கிறார்." நலமாக இருக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? வேறு வசனம் வரவில்லை. அன்றே வாட்ஸப்பில் போட்டேன்.

புதன்கிழமை லீவு எடுத்து ஒவ்வொரு கடையாகப் போய் மாற்றினேன். கடைசியாக அப்டன் பார்க். மீன்கடைப் பெண் பழைய நோட்டீஸை என் கையில் தரத் தயங்கினாள். "உயிரோடை இருக்கிறாரெண்டு போட்டிருக்கிறியள். அப்ப ஏனக்கா கடைக்கு வாறேல்லை?" என்று கேட்டுவிட்டு, அடுத்த தெருவில் அவர் இருக்கும் வீட்டைக் காட்டினாள்.

கதவைத் திறந்தவர் தமிழ்நாட்டுக்காரர், ஐ.டி. வேலை செய்பவர். அதே வீட்டில் அடுத்த அறையில் குடியிருப்பவர்.

"ஆமாங்க, இங்கதான் இருந்தார். நேத்து காலி பண்ணிட்டாரே. ஒரே ஒரு பைதான். எங்க போறீங்கன்னு கேட்டேன். 'நான் நலமா இருக்கிறனாம், தம்பி' அப்படின்னுட்டுப் போய்ட்டார்."



அடுத்த சனிக்கிழமை, மண்டபத்துக் கதவைத் திறந்துகொண்டு அதே முகம் மறுபடியும் வந்தது. இந்த முறை தலைமயிர் முழுவதும் வெள்ளை. நான் எழும்பியேவிட்டேன், கதிரை பின்னால் விழுந்தது. அவர் இரண்டு கையையும் உயர்த்தினார். "பயப்பிடாதேங்கோ பிள்ளை. நான் தமையன்." திருத்தத்தைப் பார்த்த அன்றே தம்பிக்கு எடுத்திருக்கிறார். போன் நிறுத்தப்பட்டிருந்தது. அடுத்த விமானத்தில் வந்துவிட்டார்.

"நீங்கள் கண்டனீங்களோ? உண்மையாக் கண்டனீங்களோ?"

"ஓம் அண்ணை. இந்தக் கதிரையிலைதான் இருந்தவர். என்ர மகளுக்குப் பந்தும் எடுத்துக் குடுத்தவர்."

அவர் அந்தக் கதிரையின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். உட்காரவில்லை.

தம்பி காலி செய்துவிட்டுப் போன அறையைப் பற்றிச் சொன்னேன். பார்க்கவேண்டும் என்றார், நான் கூட்டிப்போனேன். தமிழ்நாட்டுக்காரர் திறந்துவிட்டார். மடித்த மெத்தை, ஒரு கட்டில், ஒரு அலுமாரி. அலுமாரிக் கதவில் கண்ணாடி இருக்கும் இடத்தில் என்னுடைய நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நாலு மூலையும் ஒழுங்காக, மட்டம் பார்த்து, கண்ணாடி ஒரு துளியும் தெரியாதபடி. தாளின் கீழே தரையில் சவரம் செய்த மயிர் கொஞ்சம் கிடந்தது. அவர் எதைப் பார்த்து முகம் வழித்திருப்பார் என்று யோசித்தேன். யோசித்திருக்கக்கூடாது. தமையன் அதைக் கழற்றக் கை வைத்தார், பிறகு விட்டுவிட்டார். நாங்கள் இறங்கி வந்தோம். ரயில் நிலையத்தில் பிரியும்போது, "உங்களிலை பிழையில்லை" என்றார். என்னில்தான் பிழை என்பது இருவருக்கும் தெரியும்.

அவர் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார். வயது வந்தவர், தன் விருப்பத்தில் போயிருக்கிறார் என்று பதில் வந்தது. தமையன் கனடாவுக்குத் திரும்பினார். மே மாதம் ஒரு மத்தியானம் எனக்கு எடுத்தார். குரலில் களைப்பும் ஏதோ ஒரு அவசரமும் இருந்தன.

"தம்பி எடுத்தவன் பிள்ளை. வேற நம்பர். நான் வேலையிலை நிக்கிற நேரமாப் பாத்து எடுத்து மெசேஜ் விட்டிருக்கிறான்."

"என்ன சொன்னவர்?"

"முதல்லை இருமினவன். பிறகு, 'மிச்சத்தையும் சொல்லுங்கோ' எண்டவன். அவ்வளவுதான்."

"அப்ப நீங்கள்?"

"சொல்லுறன். ஒவ்வொரு நாளும் அந்த நம்பருக்கு எடுக்கிறன். அவன் தூக்கிறேல்லை. நான் சொல்லிக்கொண்டு போறன்."

அந்தச் செய்தியை யாழ்ப்பாணத்து அக்காவுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. தம்பியின் சரியான படத்தை நான் முன்னரே அனுப்பியிருந்தேன். அதையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

"மற்றதைக் கழட்டிப்போடுங்கோ அக்கா. அவர் இருக்கிறார், தமையனுக்குப் போன் எடுத்தவர்."

"எங்கை இருக்கிறாராம்?"

"தெரியாது."

"அப்ப இருக்கட்டும் பிள்ளை. ரெண்டு பேருக்கும் ஒரு விளக்குத்தானே" என்றார். உள்ளே யாரோ கூப்பிட, வைத்துவிட்டார்.

அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் வாசித்தார், மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. நான்தான் இன்னமும் செயலாளர்.