விருந்தாளிக்காக மாறிய மொழி

சென்ற வாரம் மனைவி ஆளிவிதை எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். கொழுப்புக்கு நல்லது என்று யாரோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் அந்தக் கசப்பு வாசனை. "என்னங்க, முகம் ஏன் இப்படி வாடிப்போச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்று நகர்ந்துவிட்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரில் ஆராய்ச்சி மாணவன். ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு கிராமம். அங்கே ஹன்கா என்ற பெண்மணியின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கணவர் மேற்கே வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் ஹன்காவும் சிறுமியான மகள் லென்காவும்தான். சோர்பியர்கள், ஜெர்மனியின் கிழக்கு மூலையில் வாழும் சிறிய ஸ்லாவிய இனம். ஜெர்மன் வந்து சேர்வதற்கு முன்பே அந்த மண்ணில் புழங்கிய மொழி அவர்களுடையது. ஊர்ப்பலகையில் இரண்டு மொழி இருக்கும். முதல் நாள் அதில் ஒன்றைப் போலந்து விளம்பரம் என்று நினைத்த மேதாவி நான்.

இரவு உணவுக்கு ஹன்கா என்னையும் அழைத்துவிடுவார். வேகவைத்த உருளைக்கிழங்கு, கெட்டித் தயிர் மாதிரி ஒன்று, மேலே இந்த எண்ணெய். (அதற்கு நான் எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டதை வெளியே சொல்லாதீர்கள்.) படியிறங்கும்போது தாயும் மகளும் தங்கள் மொழியில் கலகலவென்று பேசுவது கேட்கும். நான் உட்கார்ந்ததும் இருவரும் ஜெர்மனுக்கு மாறிவிடுவார்கள். புரியாத ஒருவர் முன்னால் தம் மொழி பேசுவது மரியாதையில்லை என்பது அவர்கள் வழக்கம். எனக்காக வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன், அவரால் முடியவில்லை. எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. தமிழின் தொன்மையைப் பற்றி என் ஓட்டை ஜெர்மனில் அவர்களுக்கு வகுப்பெடுத்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஒரு காலை, வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையில் ஹன்கா மகளிடம் சோர்பிய மொழியில் ஏதோ கேட்டார். நான் அங்கிருப்பது குழந்தைக்குத் தெரியாது. ஜெர்மனில் பதில் சொன்னாள். அவர் திரும்பக் கேட்டார். திரும்பவும் ஜெர்மன்.

மறுநாள், சாப்பாட்டை மாடிக்கே கொண்டுவந்து தரட்டுமா என்று ஹன்கா தரையைப் பார்த்தபடி கேட்டார். "உங்க மேல தப்பில்ல. வந்தவங்களுக்கெல்லாம் மரியாதை குடுத்துக் குடுத்தே எங்க பேச்சு எங்க சாப்பாட்டு மேசை அளவுக்குச் சுருங்கிப்போச்சு. அங்கயாவது மிஞ்சட்டும்."

 வெட்கத்தில் சீக்கிரமே டிரெஸ்டனுக்கு வீடு மாறினேன். அதனால் லென்காவின் பேச்சு ஒன்றும் தாய்மொழிக்குத் திரும்பிவிடவில்லை. லென்காவுக்குத் தோழிகள், படிப்பு, பிறகு லைப்சிக்கில் வேலை, எல்லாம் ஜெர்மன், அம்மாவிடமும் அதேதான்.

இதெல்லாம் எண்ணெய் பாட்டிலைப் பார்த்த அன்று ஹன்காவைத் தொலைபேசியில் அழைத்தபோது தெரிந்தது. இப்போது உங்கள் மொழியில் யாருடன் பேசுவீர்கள் என்று கேட்டேன். கோழிகளோடு என்று சிரித்தார். அதையும் எனக்காக ஜெர்மனில்தான் சொன்னார்.