இடக்காலைப் பற்றிய பதினொரு சந்தேகங்கள்

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடியிலிருந்து நகரின் மறுகோடியிலுள்ள மில்லிக்கனுக்கு வீடு மாறிய அன்று, சமையலறை இழுப்பறையின் அடியில் விரித்திருந்த தாளை உருவியபோது அது கையில் வந்தது. இரண்டு ஓரமும் துளையிட்ட, ஒன்றோடொன்று தொடரும் பழைய அச்சுத்தாள். கோடுகளும் எண்களும் மட்டும் கணினியில் அச்சடித்தவை. அப்போது என்னிடம் தமிழ் எழுத்துரு இல்லாததால் சொற்களை நீல மையில் நானே எழுதியிருந்தேன். தலைப்பு: இடக்கால். அதன் கீழ் ஒன்று முதல் பதினொன்று வரை சந்தேகங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சொன்னவர்', 'ஆதாரம்' என்று இரண்டு நிரல்கள். சொன்னவர் நிரல் நிறைந்திருந்தது. ஆதாரம் நிரலில் மேலிருந்து கீழ்வரை சிறு கோடுகள்தான். வீடு மாறுவதற்கென்று நான் போட்டிருந்த பட்டியலின்படி அடுத்த வேலை கோப்பைகளைத் தாளில் சுற்றுவது. ஆனால் நான் அந்தத் தாளோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் சித்தப்பா எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் ரொறன்ரோக் கிளைக்குத் தலைவர். கிளையைத் தொடங்கியவரும் அவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோடைக்கால ஞாயிறுகளில் ஸ்காபரோவிலுள்ள ஒரு பூங்காவில் ஊருக்கு ஒரு கழகமாக உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். மூன்று வருடங்கள் தொடர்ந்து நாங்கள் கடைசி. மைதானம் கிடைக்கும் மணித்தியாலங்கள் குறைந்துவிட்டதால் போட்டிக் குழு ஒரு விதி கொண்டுவந்தது: இந்த வருடம் கடைசியாக வரும் கழகம் பக்கத்து ஊர்க் கழகத்துடன் இணைக்கப்படும். எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி மட்டும் போகக்கூடிய ஓர் ஒழுங்கைதான். ஆனால் நாங்கள் யாரும் பிறப்பதற்கு முன்பு அவர்கள் ஒரு சோடிக் கோல்கம்பங்களை இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லையாம். சித்தப்பாவுக்கு நாட்டை விட்டு வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்தக் கம்பக்காரரின் கழகத்தில் சாதாரண உறுப்பினராக உட்காருவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த விதியை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்தவள் நான். கல்லூரியில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்தும் பொறுமையும் இருந்தன. அதனால் போட்டிக் குழுவின் ஆட்டப் பதிவேட்டை என் தலையில் கட்டியிருந்தார்கள். கூடவே இன்னொரு விதியும் தட்டச்சுச் செய்தேன். தங்கள் ஊருக்குக் கழகம் இல்லாத ஆட்டக்காரரைப் பொதுப்பட்டியலில் சேர்த்து, கழகங்கள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்யலாம். கடைசியாக வந்தவர்களுக்கு முதல் தெரிவு. ஆட்களைப் பார்ப்பதற்கென்று மே மாதத்தில் மூன்று ஞாயிறுகள் பயிற்சி ஆட்டம் வைத்தார்கள். நாங்கள் பிறகு இடக்கால் என்று பெயர் வைத்த ஆளை அங்கேதான் பார்த்தோம். இருபத்து நான்கு வயது, மெலிந்த உடம்பு, யாருடனும் கதைக்காத ஆள். பந்து அவருடைய இடது காலுக்கு வந்ததும் மைதானத்தில் மற்ற எல்லோரும் கொஞ்சம் மெதுவாக ஓடுவது போலத் தெரியும். முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். எழுபதாவது நிமிடத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு அறுபதாவது நிமிடத்தில் போனார். மூன்றாவது ஞாயிறு முதல் பாதியிலேயே மூன்று கோல் அடித்துவிட்டு, இடைவேளைக்குப் பிறகு மைதானத்துக்கு வரவேயில்லை.

எங்கள் கழகத்தின் கூட்டங்கள் தொடர்மாடியின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் அறையில் நடக்கும். சனிக்கிழமைகளில் ஆண்கள் எல்லோரும் தோய்க்க வருவார்கள். மெஷின் சுற்றி முடியும்வரை அவர்களுக்கு வேறு வேலை இல்லை. சித்தப்பா மடித்த துவாய்களின் மேல் உட்காருவார். எதிரே கோலி அங்கிள். ஊரில் ஒரு காலத்தில் கோல் காத்தவர். கழகத்தில் கார் வைத்திருந்த ஒரே ஆளும் அவர்தான். மூன்றாமவர் கடைக்கார அண்ணை. கீழே பலசரக்கும் வீடியோ கசெற்றும் ஒன்றாக விற்றவர். இந்த மூவரும் மூன்று சனிக்கிழமைகள் இடக்காலை எடுப்பதா விடுவதா என்று வாதாடினார்கள்.

"எழுபதில போனவன், அறுபதில போனவன், இப்ப அரைநேரத்தோட போயிட்டான்," என்றார் கோலி அங்கிள். "அடுத்த முறை பிரதம விருந்தினருக்கு மாலை போடேக்கையே போயிடுவான். உவனுக்கு மூச்சு இல்லை."

"அண்ணை, அரைநேரத்துக்குள்ள மூண்டு அடிச்சவன். எங்கட ஆக்கள் தொண்ணூறு நிமிசமும் நிண்டு என்னத்தை அடிச்சவை?" என்றார் கடைக்கார அண்ணை.

"நிண்டவைதானே. நிக்கிறதுக்கும் ஒரு மதிப்பு இருக்கு."

ஒரே சந்தேகத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லி நேரம் போனதால்தான் நான் பட்டியல் போட்டேன். ஒன்று, மூச்சு இல்லை. இரண்டு, முழங்காலில் பழைய காயம். நான்கு, வலது காலால் அடிக்கமாட்டார். ஆறு, வேறு கழகம் இரகசியமாகப் பேசி வைத்திருக்கிறது. எட்டு, காதல். ஒன்பதாவது சித்தப்பா சொன்னது: சிரிக்கிறதில்லை. கோல் அடித்தும் சிரிக்காதவனை எப்படி நம்புவது என்பது அவருடைய நியாயம். ஆதாரம் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். "பாத்தாத் தெரியாதோ?" என்றார்கள். நான் கோடு போட்டேன்.

"அவரிட்டையே கேட்டால் என்ன?" என்றேன்.

சித்தப்பா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நாங்கள் போய்க் கேக்கிறதோ, பிள்ளை? கேட்டால் எங்களுக்கு ஆள் தேவையெண்டு தெரிஞ்சிடும்."

"கடைசியா வந்த ரீமுக்கு ஆள் தேவையெண்டு எல்லாருக்கும் தெரியும், சித்தப்பா."

"தெரியிறது வேற. நாங்கள் சொல்லுறது வேற."

தெரிவுக்கு முந்திய சனிக்கிழமை, பட்டியலைச் சரிபார்க்க ஆட்டப் பதிவேட்டையும் கொண்டு போயிருந்தேன். எழுபது, அறுபது, நாற்பத்தைந்து என்ற எண்களை வரிசையாக எழுதியபோது அவை எதையோ மறைப்பது போல இருந்தன. ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். எல்லா ஆட்டமும் இரண்டு மணிக்கு என்று அறிவித்தவைதான். முதலாவது, முதலாவது என்பதால், சரியாக இரண்டுக்குத் தொடங்கியது. இரண்டாவது, காற்றடிக்கும் பம்பைத் தேடியதில் இரண்டு பத்துக்கு. மூன்றாவது, பிரதம விருந்தினர் பிந்தியதில் இரண்டு இருபத்தைந்துக்கு. இடைவேளை எப்போதும் கால் மணித்தியாலம். கூட்டிப் பார்த்தேன். மூன்று ஞாயிறும் அவர் மைதானத்தை விட்டுப் போனது மூன்று இருபத்தைந்துக்கு. அவர் ஒரு நிமிடமும் முந்திப் போனதில்லை. நாங்கள்தான் வாரத்துக்கு வாரம் பிந்தியிருக்கிறோம்.

இதை நான் சத்தமாகச் சொன்னேன். பதில் சொன்னது மூன்றாம் மாடி அன்ரி. மூன்று சனிக்கிழமையும் அதே அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவர். "தள்ளி நில்லுங்கோ, ட்ரையர் திறக்க ஏலாமக் கிடக்கு" என்பதைத் தவிர அவர் எங்கள் கூட்டத்தில் எதுவும் சொன்னதில்லை.

"மூண்டு முப்பத்தைஞ்சு பஸ் பிடிக்கிறதெண்டால் அந்நேரம்தான் வெளிக்கிடவேணும்," என்றார். "மார்க்கம் ரவுணுக்குப் போறது. ஞாயிறு மணித்தியாலத்துக்கு ஒண்டு. நானும் உதிலதானே வேலைக்குப் போறனான். காலில சேறோட ஒரு மெல்லிய பெடியன் ஏறுவான், பின் சீற்றில இருந்து சப்பாத்து மாத்துவான். நாலரைக்கு வேலை. உவனையோ இவ்வளவு நாளும் கதைச்சனீங்கள்?"

"ஏன் அன்ரி முதலே சொல்லேல்லை?" என்றார் கடைக்கார அண்ணை.

"ஆர் கேட்டவை?"

ஞாயிறு வேலை என்று சொன்னால் ஒரு கழகமும் எடுக்காது என்று இடக்கால் பயந்திருந்தார் என்பதைப் பின்பு அறிந்தோம். அந்தக் கோடையில் விளையாடக் கிடைக்காவிட்டால் அவருக்கு வேலையும் பஸ்ஸும் மட்டும்தான் மிச்சம். சித்தப்பா முதல் தெரிவாக அவரைச் சொன்னார். மூச்சு இல்லை என்றவரின் காரில்தான் இனி அவர் வேலைக்குப் போகவேண்டும் என்பதும் அன்றே முடிவாகிவிட்டது. கோலி அங்கிள் மறுக்கவில்லை. "கழகத்துக்காக" என்று மட்டும் மூன்று தடவை சொன்னார்.

கோடை முழுவதும் அவருடைய பழுப்பு நிறக் கார் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்றது. வென்றும் தோற்றும் கடைசி ஞாயிறுக்கு வந்தபோது கீழே இரண்டு கழகங்கள் மிஞ்சின: நாங்களும் பக்கத்து ஊரும். தோற்பவர் கடைசி. அன்று ஆட்டம் இரண்டரைக்குத்தான் தொடங்கியது. எத்தனை வேகமாகக் கார் ஓடினாலும் இடக்கால் நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குப் புறப்படவேண்டும், அதாவது எண்பதாவது நிமிடம். சித்தப்பா ஆட்டத்தைப் பார்க்கவில்லை, என் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மணி இரண்டு நிமிடம், இன்னும் கோல் இல்லை. கோலி அங்கிள் போய்க் காரை இயக்கித் தயாராக வைத்தார். அடுத்த நிமிடம் இடக்கால் நடுக்கோட்டருகே பந்தை வாங்கி, இருவரைத் தாண்டி, கோல்கீப்பரை ஒரு பக்கம் விழவைத்து, மறுபக்கம் மெல்லத் தட்டிவிட்டார். பிறகு நிற்காமல் ஓடினார். கொண்டாடுகிறார் என்று நினைத்து எங்கள் ஆட்கள் முழுப்பேரும் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அவர் கார்க் கதவைத் திறந்து ஏறினார். கார் போயிற்று. மிகுதிப் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் பத்துப் பேரோடு பின்னுக்கு நின்று தப்பினோம். நிற்கிறதுக்கும் ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்தது. எங்கள் கழக வரலாற்றின் மிகச் சிறந்த கோலைக் கோலி அங்கிள் பார்க்கவில்லை. அவர் பின்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாராம்.

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோது பக்கத்து ஊர்க் கழகத் தலைவர் வந்து கையை நீட்டினார். முகம் வாடியிருந்தாலும் மரியாதையாகக் கேட்டார்: "அப்ப, எப்ப கூட்டம் வைப்பம்?"

"என்ன கூட்டம்?"

"நாங்கள்தானே கடைசி. எங்களுக்குப் பக்கத்து ஊர் நீங்கள்தானே."

அந்த விதியை நான் தட்டச்சுச் செய்தேன், பிழை திருத்தினேன், இருபது பிரதி எடுத்தேன். அது இரண்டு பக்கமும் வெட்டும் என்பது ஒருமுறையும் எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எந்த நிரலில் எழுதுவது என்று இன்றைக்கும் தெரியாது. இணைப்புக் கூட்டத்தின் முதலாவது விடயம் கோல்கம்பம். அது இன்னும் முடியவில்லை. ஆனால் இருவரும் இணைத்தலைவர்கள். ஒருவரையொருவர் குறைசொல்ல ஆளில்லாத கிழமைகளில் இருவருக்கும் நித்திரை வராது.

வீடு மாறிய அன்று சாமான் தூக்க வந்ததும் அந்த இணைந்த கழகம்தான். மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஆறாம் மாடியிலிருந்து கட்டிலைப் படியால் இறக்கிவிட்டு எல்லோரும் திரும்பி ஏறி வந்திருந்தார்கள். நான் தாளோடு தரையில் இருப்பதைக் கண்டு இடக்கால் குனிந்து பார்த்தார். மறைக்க நேரமில்லை. அவருக்கு இப்படியொரு பட்டியல் இருந்ததே தெரியாது. ஒன்று முதல் பதினொன்று வரை நின்றபடியே வாசித்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்கான வசனங்களை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

"பேனை இருக்கோ?" என்றார்.

கொடுத்தேன். நான்காவதுக்கும் ஒன்பதாவதுக்கும் எதிரே சரி போட்டார். "உது ரெண்டும் உண்மை," என்றார். சிரிக்கவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி, அடுத்துத் தூக்கவேண்டிய சோபாவைப் பார்த்தார். அதில் கோலி அங்கிள் சாய்ந்து, வாயைத் திறந்து, நெஞ்சில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் தூக்கி இறக்கியது ஒரு மேசை விளக்கு.

இடக்கால் மீண்டும் குனிந்தார். முதலாவது வரியில், மூச்சு இல்லை என்பதற்கு எதிரே, இத்தனை வருடமும் வெறும் கோடாகக் கிடந்த ஆதாரம் நிரலில், சிறிய எழுத்தில் ஒரு சொல் எழுதினார்: சொன்னவருக்கு.