அரை அடி கூடிப்போன விமானம்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். வாரா வாரம் அட்டைப்பெட்டி, அச்சு, சீசன் என்று எழுதுவதை நீங்கள் பொறுத்துக்கொள்கிறீர்கள். விமானத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? ஏறியதுகூட இல்லை... ஆனாலும் போன வாரம் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் வேலை பார்க்கும் திருத்தங்கல் கம்பெனியில் பட்டாசுக்குப் பெட்டி செய்கிறோம். எந்த ஆர்டர் வந்தாலும் முதல் சாம்பிளை வெட்டி ஒட்டுவது என் வேலை. அங்கே தினேஷ் என்று ஒரு இன்ஜினியர் வந்தார். விருதுநகர்க்காரர். நண்பர்களோடு சேர்ந்து பத்தொன்பது பேர் போகிற சின்ன விமானம் ஒன்றை வடிவமைக்கிறார். பஸ்ஸில் போகிறவர்களும் ஏறுகிற மாதிரி டிக்கெட் இருக்க வேண்டும் — அதுதான் அவர் பிடிவாதம்.

"அக்கா, ஆள் உக்கார்ற பகுதி மட்டும் நெச அளவுல அட்டையில வேணும். விமானம் வாங்குற கம்பெனிக்காரங்க வந்து உக்காந்து பாப்பாங்க. மரத்துல செய்ய எங்களுக்கு வசதியில்ல."

அவர்களுக்குப் பிடித்தால்தான் அடுத்த கட்டம். இல்லையென்றால் ஐந்து வருட உழைப்பு காகிதத்தோடு சரி.

எங்கள் முதலாளி அண்ணாச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ராக்கெட்டுக்கே பெட்டி செய்றோம். பிளேனு செய்ய மாட்டமா?"

செய்தோம். குடோன் நீளத்துக்கு நின்றது விமானம். ஒரு பக்கம் ஒற்றை சீட், மறுபக்கம் இரட்டை. பாரம் தாங்குகிறதா என்று பார்க்க எங்கள் பெண்கள் பத்தொன்பது பேரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

"ஏ புள்ள, ஜன்னல் சீட்டு எனக்கு!"

"கண்டக்டர், திருச்செந்தூருக்கு ஒண்ணு குடுங்க!" என்றாள் மாரீஸ்வரி. பெட்டி ஒட்டுவதில் எனக்கு அடுத்த ஆள். வாயில் எனக்கு முந்திய ஆள்.

அந்த நேரம் பார்த்து தினேஷ் உள்ளே வந்தார். நடைபாதையில் நின்றார். டேப்பை எடுத்து அகலத்தை அளந்தார். முகம் செத்துவிட்டது.

"அக்கா... அரை அடி கூட இருக்கு."

எப்படி? பெட்டித் தொழிலில் அளவு என்றால் உள்ளளவுதான். சரக்கு உள்ளே உட்கார வேண்டுமே! யாரும் அதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. நானும் கேட்கவில்லை. அவர் வரைபடத்தில் போட்டிருந்ததோ வெளியளவு. இரண்டு பக்கச் சுவரின் கனமும் சேர்ந்து உள்ளே அரை அடியாக வந்து நின்றது.

"இருந்துட்டுப் போகட்டும், தாராளமாத்தானே இருக்கு" என்றாள் மாரீஸ்வரி.

"விமானத்துக்கு வயிறு பெருத்தா காத்து தடுக்கும்மா. பெரிய இன்ஜின் வேணும், எண்ணெய் கூடும், டிக்கெட்டும் கூடும்."

"நெசப் பிளேனை ஒடுக்கமா செஞ்சுக்கோங்க சார். வாரவுக என்ன டேப்பு வச்சா அளக்கப் போறாக? எங்க கிஃப்ட் பாக்ஸைப் பாருங்க... பொட்டி அம்புட்டுப் பெருசு, வெடி இம்புட்டுத்தான். வாங்காமலா இருக்காக?"

எல்லோரும் சிரித்தார்கள். தினேஷ் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. நாளை மறுநாள் ஆட்கள் வருகிறார்கள். அவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணாச்சியும் அங்கேதான் நின்றார். அவர் முன்னால் நான் வாய் திறப்பதில்லை. அன்று திறந்தேன்.

"வேண்டாம் சார். தப்பு என்னோடது. நானே சரி பண்ணித் தாரேன்."

பெரிய பெட்டியில் சின்னச் சரக்கு ஆடாமல் இருக்க என்ன செய்வோம்? உள்ளே அட்டையை மடித்துத் தடுப்புக் கொடுப்போம். அதையே செய்தோம். இரண்டு சுவருக்கும் மூன்று அங்குலத்துக்கு உள்சுவர். சீட்டுகளைப் பெயர்த்து, நெருக்கி, மறுபடி ஒட்டினோம். பத்தொன்பது பேரும் கூட நின்றார்கள். கிண்டல் செய்த மாரீஸ்வரிதான் கடைசிச் சீட்டையும் ஒட்டினாள்.

வந்தவர்கள் மூன்று பேர். நல்ல பருமனான ஒருவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முழங்காலை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தார். கூட வந்த அம்மா கைப்பையைத் திறந்தார்.

டேப்!

சுவருக்குச் சுவர் அளந்தார். வரைபடத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"மாதிரின்னா எல்லாரும் கொஞ்சம் தாராளமாத்தான் காட்டுவாங்க. நீங்கதான் சொன்ன அளவுலயே காட்டியிருக்கீங்க" என்றார் அந்த அம்மா.

பருமனானவர் எழுந்திருக்காமலே சொன்னார். "ஒரு மணி நேரப் பயணத்துக்கு இது போதும். அடுத்த கட்டத்துக்குப் போயிரலாம்."

தினேஷ் என்னைக் கைகாட்டினார். நான் அட்டை அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"ஏம்மா, அங்கன என்ன ஒளியுற? வெளிய வா!" — அண்ணாச்சியின் குரல் குடோனையே அதிர வைத்தது. மாரீஸ்வரி குலவை போட்டாள். பதினெட்டுப் பேர் கூடச் சேர்ந்தார்கள். வந்தவர்கள் பயந்தே போனார்கள்!

பெட்டியில் காற்றை அடைத்து விற்கத் தெரிந்த ஊர்தான் எங்கள் ஊர். காற்றில் போகிற பெட்டிக்கு மட்டும் அது ஆகாது போலிருக்கிறது.

மறுநாள் விமானத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினோம். மதியத்துக்கு மேல் சங்குசக்கரப் பெட்டி ஒட்டினோம்.