தடை உண்டோ என்று கேட்ட ஞாயிறு

யோசனை எனக்குப் பூசையின் நடுவில்தான் வந்தது. பிரசங்கம் முடிந்து பங்குச் சுவாமி வழமைபோலக் கலியாண அறிவிப்பு வாசித்தார்: இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குக் குருவிடம் அறிவிக்கவேண்டும். நான் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஓர் ஆளைப் பற்றி ஊரையே நேராகக் கேட்டுவிடுவது! பொலிசும் ஆமியும் என்னைப் பற்றி இத்தனை நாளாகத் துருவிக்கொண்டிருப்பதை இவர் ஒரே மூச்சில் முடித்துவிடுவார் போலிருக்கிறதே!

கீரி என்ற ஊரின் கரையோரத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உயர்தரம் முடித்த கையோடு சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. நியமனம் வருமென்ற நம்பிக்கை பாதி, சும்மா இருக்கமுடியாத குணம் பாதி. வள்ளத்துக்கு எத்தனை பங்கு, வலைக்கு எத்தனை பங்கு என்று பின்னம் படிப்பித்தால் கடைசி வாங்கில் தூங்குகிறவனும் கை உயர்த்துவான். அந்தக் கையைப் பார்க்கத்தான் காலையில் ஓடுவேன்.

அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும், காவலாளிக்கும் கஞ்சி காய்ச்சுகிற அக்காவுக்கும்கூட, பாதுகாப்புக் கிளியரன்ஸ் வேண்டும். பள்ளிக்கூடத்து ஒழுங்கை ஆமியின் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போகிறது. கிளியரன்ஸ் இல்லாதவர் மாதம் முடிந்தபிறகு அதைத் தாண்டமுடியாது. மற்றவர்கள் உள்ளூர் ஆட்கள். கிராம அலுவலரான ஊர் விதானையாரின் கடிதத்தோடு போய் எடுத்துவிட்டார்கள். என் வீடு வெள்ளாங்குளத்தில். அம்மாவும் அப்பாவும் கலவரத்தில் மலையகத் தோட்டத்தை விட்டு வந்து, அங்கே காடு வெட்டிக் குடியேறிய கூலிக்காரர். படிக்கவென்று என்னை இந்தத் தீவுக்கு, கன்னியர் விடுதிக்கு அனுப்பினார்கள். பிறகு சண்டை நடுவில் கோடு கீறியது. வீடு இயக்கத்தின் பக்கம், நான் ஆமியின் பக்கம்.

பொலிசில் தமிழ் பேசுகிற ஒருவர் கதிரையில் சாய்ந்தபடி சொன்னார், "வெள்ளாங்குளத்து விதானையிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"அங்க போயிட்டு வந்தால், ஏன் போனனீங்கள் எண்டு கேக்கமாட்டீங்களோ?"

"கேப்பம். அது மற்ற மேசை."

"அப்ப பிறந்த இடத்தில வாங்கட்டோ?"

"அங்க உங்களை ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. கைக்குழந்தையா வந்தனான்."

"அப்ப இந்த ஊரில ஆராவது பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைக்கட்டும். நீங்கள் ஏதும் செய்தால் அவையைப் பிடிப்பம்." தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுவதுபோல அவ்வளவு பண்பாகச் சொன்னார்.

பெரியப்பா மக்கள் எங்கே, மாமன் மக்கள் எங்கே என்றெல்லாம் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நான் அடிப்பேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் கிளியரன்ஸ் எடுத்த ஓரிருவர் சிக்கியிருப்பார்கள்.

பள்ளிக்கூட அதிபரிடம் கையெழுத்துக் கேட்டுப் போனேன். "பிள்ளை, நீர் தங்கம். ஆனா எனக்கு வீட்டில குமர்ப் பிள்ளையள் இருக்கு" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடிப்பார் போலத் தெரியவில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

அதனால்தான் அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியைப் பிடித்து, என்னைப் பற்றியும் இப்படிக் கோயிலில் கேளுங்கள் என்றேன். "உமக்கு விசரே?" என்றார். "கலியாணத்துக்குத் தடை தெரிஞ்சவன் என்னட்ட வருவான். உம்மைப் பற்றிச் சொல்ல நினைக்கிறவன் என்னட்டயே வருவான்? ஆமியிட்டயெல்லோ போவான்!"

"அவன் போற இடத்துக்குப் போகட்டும் சுவாமி. எனக்கு வேண்டியது மற்ற ஆக்கள்."

ஆட்கள் கையெழுத்துக்குப் பயம், எழும்பிப் பேசக் கூச்சம்; தலையசைத்தால் போதும், அதைப் பார்த்து நீங்கள் கடிதம் தாருங்கள் என்று விளக்கினேன். அவர் அரைமனத்தோடு சம்மதித்தார்.

அடுத்த ஞாயிறு வந்தது. சுவாமிக்கு அறிவிப்பு வாசிக்க ஒரே குரல்தான் உண்டு. என் பெயரையும் தாய் தகப்பன் பெயரையும் அதே இராகத்தில் வாசித்ததும் பெண்கள் பக்கம் கலகலத்தது.

"ஆரடி மாப்பிளை?"

"சொல்லேல்லையே. வெளிநாட்டு மாப்பிளையோ?"

"கணக்கு ரீச்சரைக் கட்டுறவன் பாவம், சந்தைக் காசுக்கும் கணக்குக் காட்டோணும்!"

சிரிப்பு அடங்குமுன் சுவாமி கேட்டார்: "இவ எங்கட பிள்ளையளுக்குப் படிப்பிக்க ஏற்றவ எண்டு நினைக்கிறவை தலையை அசையுங்கோ."

கோயில் உறைந்துபோயிற்று. எனக்கும் அந்தக் கணத்தில்தான் உறைத்தது. ஆமியின் முந்திய சுற்றிவளைப்பில் இதே கோயில் வளவில்தான் எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். முகமூடி போட்ட ஒருவன் ஜீப்புக்குள் இருந்தான். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ, அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரார் கூட்டத்தில் தலையை அசைப்பதேயில்லை. குழந்தைகளின் தலையைக்கூடத் தாய்மார் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுவாமி அவசரமாக விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் என் மாணவி ஒருத்தியின் தாய் என்னை மறித்தார். மீன்பிடிக் குடும்பம். "தலையை ஆட்டச் சொல்லிக் குடுத்தது நீங்கள்தானே? கனக்கப் படிச்சால் இப்பிடித்தான்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குக் கையெழுத்து வைப்பன் ரீச்சர். ஆனா இவர் கடலுக்குப் போற பாஸையும் ஆமிதானே தாறது."

"அப்ப நான் என்ன செய்யிறது அக்கா?"

"என்ர கலியாணத்தைக் கோயிலில அறிவிச்ச மூண்டு கிழமையும் நான் நல்லவ எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. கெட்டவ எண்டும் சொல்லேல்ல. சுவாமி கட்டிவைச்சவர்தானே?"

நான் வீதியில் நின்ற இடத்திலேயே அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் மாதம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை சாவடியில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். வீதியை மறித்த தார் பீப்பாய்களுக்கு அந்தப் பக்கம் என் வகுப்புப் பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையைக் காட்டவும் பயம் அவர்களுக்கு. இப்போது வகுப்பைக் கஞ்சி அக்காதான் பார்த்துக்கொள்கிறார். பாவம், சத்தம் போடாமல் வைத்திருக்க மட்டுமே அவரால் முடிகிறது. வெள்ளாங்குளத்துக்கும் போகமுடியாமல் பள்ளிக்கூடத்துக்கும் போகமுடியாமல், விடுதி வாசலுக்கும் கடற்கரைக்கும் இடையில் நடந்து திரிகிறேன்.

சுவாமியை மறுபடியும் சம்மதிக்க வைத்துவிட்டேன். இந்தமுறை தலையசைப்புக் கிடையாது. "இவ படிப்பிக்கிறதுக்குத் தடை தெரிஞ்சவை அறிவியுங்கோ" என்பது மட்டும்தான். முறைப்படி மூன்று ஞாயிறும் கேட்டுத் தடை ஒன்றும் வரவில்லையென்றால், அதை அப்படியே எழுதித் தன் கையெழுத்தை வைப்பார். ஊரில் வேறொருவர் பெயரும் அதில் இராது. பொலிசில் அதை ஏற்பார்களோ, சிரிப்பார்களோ, தெரியாது. யாராவது இருட்டில் வேறெங்காவது போய் வாய் திறப்பார்களோ, அதுவும் தெரியாது.

வருகிற ஞாயிறு மறுபடியும் முதலிலிருந்து கேட்கப்போகிறார். ஒருவரும் ஒன்றும் செய்யவேண்டாம், பேசாமல் இருந்தால் போதும் என்று வீடு வீடாகச் சொல்லிவைக்க இன்று பின்னேரமே கரைக்குப் போகிறேன்.