அண்ணி படத்துக்குப் போட்ட மாலை

என் அண்ணனுக்கு சைகோனில் ஜவுளிக்கடை வேலை. அங்கேயே ஒரு வியட்நாம் பெண்ணைக் கட்டிக்கொண்டான். எழுபத்தைந்தில் சண்டை நகரத்தை நெருங்கியபோது, அண்ணி தன் அம்மாவைக் கூட்டி வரக் கிராமத்துக்குப் போனாள். அதற்குள் பாதை அடைபட்டுவிட்டது. அண்ணன் தன் மகளை மட்டும் இழுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வந்து சேர்ந்தான். அண்ணி என்ன ஆனாள் என்று இன்றுவரை தகவல் இல்லை.

அந்தச் சண்டையை அத்தனை பெரிசாக்க அமெரிக்காக்காரன் சொன்ன காரணம், தன் கப்பலை இரண்டாம் தடவையும் தாக்கினார்கள் என்பது. அந்த இரண்டாம் தடவை நடக்கவேயில்லை என்று பிற்பாடு பேப்பரில் போட்டிருந்தது. அண்ணன் படித்துவிட்டு மடித்து வைத்தான்.

"பொய்யாம்மா" என்றான் என்னிடம். அவ்வளவுதான். நான்தான் தறியில் உட்கார்ந்து அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தேன். யார் காதில் விழப்போகிறது!

மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "அம்மாக்காரி எங்க?" என்பார்கள். தெரியாது என்றால் முகம் மாறிவிடும். ஓடிப்போனவள் என்று தெருவில் பேச்சு. கடைசியில் பெரியப்பா சொல்லிவிட்டார்.

"தோ பாருப்பா, சுவத்துல இருக்கற உன் பொண்டாட்டி படத்துக்கு ஒரு மாலையப் போடு. செத்துட்டாள்னா 'ஐயோ பாவம்'னு போயிடுவாங்க. இல்லன்னா பேசிக்கினே இருப்பாங்க. உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா?"

"உயிரோட இருக்கறவளுக்கா?" என்றான் அண்ணன்.

"இருக்கறாள்னு உனக்குத் தெரியுமா?"



அடுத்த வரன் வந்த காலையில், அண்ணனே ஒரு சந்தன மாலை வாங்கிவந்து மாட்டினான். படத்தில் அண்ணி, நாங்கள் நெய்து அனுப்பிய அரக்குப் புடவையைக் கோணலாகக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து பார்த்து, "அடப் பாவமே" என்றாள். அண்ணன் தலையை ஆட்டினான். அன்றே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

எங்கோ எவனோ சொன்ன பொய்யில் குடும்பம் பிய்ந்தது. மிச்சம் இருந்ததைக் காப்பாற்ற நாங்களும் ஒரு பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

கல்யாணமாகி வருஷங்கள் போய்விட்டன. சம்பந்தி வீட்டார் வந்து போவதால் மாலையை எடுக்க வழியில்லை. அண்ணன் மகள் தனியாக வரும் நாளில் செருப்பைக் கழற்றியதும் நேரே படத்திடம் போய் மாலையைக் கழற்றி வைப்பாள். அன்று முழுக்க அண்ணி எங்கள் வீட்டில் உயிரோடு இருப்பாள். சாயங்காலம் புருஷன் அழைத்துப்போக வருமுன், அவளே மாலையை எடுத்து அம்மாவுக்குப் போட்டுவிடுவாள்.