அண்ணரும் அரிதட்டும்

எங்கள் அண்ணர் நாயாறு என்ற கடற்கரை ஊரில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கடலுக்குப் போனால் சத்தி எடுப்பார் என்பதால் எங்கள் ஐயா அவரை வெதுப்பகமொன்றில் போறணை அடுப்பில் பாண் சுடும் வேலைக்கு அனுப்பினாராம். "கடல் என்னைத் துப்பிப்போட்டுது, போறணை பிடிச்சுக்கொண்டுது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

போரில் இடம்பெயர்ந்த ஊர்களிலெல்லாம் களிமண்ணாலாவது ஒரு போறணை கட்டி அயலுக்குப் பாண் கொடுத்தவர் அவர். பொருளாதாரத் தடைக்காலத்தில் மா இல்லாமல் பட்ட பாட்டை மறக்கவேயில்லை. வவுனியாப் பாதை திறந்து, புளியங்குளம் சந்தியில் எங்கள் வெதுப்பகம் தொடங்கிய பிறகும், மா மூட்டைகளைக் கூரை முட்ட அடுக்கி வைத்தார்.

"அண்ணை, வவுனியாவில நினைச்ச நேரம் எடுக்கலாம்தானே?" என்று தங்கச்சி நான் கேட்பேன்.

"பாதை திறக்கும், பூட்டும். பாண் கேக்கிற வயிறு பூட்டுமோ?" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான்.

மாதக்கணக்கில் கிடந்த மூட்டைகளில் வண்டு பிடித்தது. அண்ணருக்கு முதலில் தும்மல், பிறகு கண் கடி, கடைசியில் மூச்சிழுப்பு. போறணைப் புகைதான் காரணமென்று நானே தீர்ப்புச் சொன்னேன். அவரை அங்கிருந்து எழுப்பி, மூட்டைகள் இருந்த அறையில் கதிரை போட்டு இருத்தி, வண்டு போக மாவை அரிக்கச் சொல்லி அரிதட்டைக் கையில் கொடுத்தேன். புகை வரக்கூடாதென்று யன்னலையும் சாத்தினேன்.

இழுப்புக் கூடியது. பகிடி விட்டே ஊரைச் சிரிக்க வைத்த மனிதர், பாதிக் கதையில் நிறுத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது. அண்ணரின் மனைவியான மச்சாளும் நானும் அவரை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

"வேலையில்லாத நாளில எப்பிடி?" என்று டொக்டர் கேட்டார்.

"கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் பூட்டினனாங்கள். இவருக்கு ஒண்டுமில்லை. திறந்த அண்டைக்கே திரும்ப வந்திட்டுது" என்றார் மச்சாள்.

"இப்ப என்ன வேலை செய்யிறவர்?"

"யன்னல் பூட்டின அறைக்குள்ள இருந்து வண்டு பிடிச்ச மா அரிக்கிறார்" என்றார் மச்சாள்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "வண்டு அரிதட்டில நிக்கும். அதின்ர தோலும் எச்சமும் பொடியாகி மாவோட பறக்கும். சிலருக்கு வெறும் மாத் தூசியே ஒத்துக்கொள்ளாது, இது இன்னும் மோசம். பூட்டின அறைக்குள்ள இவரை ஆர் இருத்தினது?"

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. நான் வாய் திறக்கமுன் அண்ணர் முந்திக்கொண்டார்.

"நான்தான் டொக்டர். இருந்து செய்யிற வேலையெண்டு ஆசைப்பட்டிட்டன்."

அடுத்த நாளே மூட்டைகளை வெளியேற்றினோம். அண்ணர் எதிர்ப்பக்க மரத்தடியில் நின்று, "கொட்டாதேங்கோ, கோழி வளக்கிற சனத்துக்குக் குடுங்கோ" என்று சத்தம் போட்டார். அதன்பின் வாரத்துக்கு வேண்டிய மாவை மட்டுமே எடுத்தோம். அரிக்கும் வேலையை நான் முற்றத்துக்குக் கொண்டுபோனேன். அவர் மறுபடியும் போறணையடிக்குப் போனார். இழுப்பு எப்போதாவது எட்டிப் பார்த்ததோடு சரி. என் பிழையை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

சென்ற ஆண்டு மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. அன்று காலை, பாண் வாங்க வந்த பஸ் நடத்துநருக்கு ஒரு நீண்ட பகிடியை எங்கும் நிற்காமல் முழுதாகச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் கதிரையில் சாய்ந்தார்.

அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய சந்திக் கடைக்காரருக்கும், செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டு எட்டு நாளும் எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவருக்கும், அவருக்கு மூச்சைத் திருப்பித் தந்த டொக்டருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இன்றைய ஆண்டுத் திவசப் பலகாரத்துக்கு மா அரிக்க, நேற்று அரிதட்டோடு முற்றத்தின் கடைசிக்குப் போய், மாத் தூசி வீட்டுப்பக்கம் பறக்காதபடி காற்றுப் பார்த்து நின்றேன்.

"இனி ஆருக்கு இந்தக் கவனம்? உள்ளுக்க இருந்து அரியுங்கோவன்" என்றார் மச்சாள்.

"உள்ளுக்க அண்ணையின்ர படம் இருக்கெல்லே" என்றேன்.